ஒட்டுத்தண்ணி

சாயக்காவுக்குக் கோபம் வரும். ஆனால் நேரத்துக்கு வராது. அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. திட்ட வேண்டியவர் எதிரில் நிற்கும்போது அவள் வாயிலிருந்து "சரிங்க", "ஆமாங்க", "பரவாயில்லைங்க" என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் வராது. அவர் செருப்பை மாட்டி, படி இறங்கி, தெருமுனை திரும்பிய பிறகுதான் அடிவயிற்றிலிருந்து கிளம்பும். அந்த நேரத்தில் கைக்கு அகப்படுவது பாத்திரம், கதவு, அதுவும் இல்லையென்றால் கட்டின புருஷன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். கிழிந்த சோபா உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "தையல்காரன் வீட்டுலயே இந்தக் கதி. வேலைக்குப் போற பொண்டாட்டிக்கு ஊசி பிடிக்க நேரம் ஏது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சாயக்காவும் கூடச் சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். வாசல் வரை போய் வழியனுப்பினாள். அரைமணி நேரம் கழித்துத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, "உங்கக்காவுக்கு வாய்ல நாக்கா இருக்கு, கத்தரிக்கோலா?" என்று ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

"அவ பஸ் ஏறி வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பா. இப்ப யாரைப் பார்த்துக் கத்தற?" என்றார் கணவர், மிஷினை விட்டு எழுந்திருக்காமல்.

அது நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததால் கோபம் இரட்டிப்பானது.

அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பதினொரு வருஷமாகத் தண்ணீரில் சாயம் விடுவது அவள் வேலை என்பதால் சாயக்கா. வேலை செய்யுமிடம் ஒரு ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூடம் என்றதும் பளபளவென்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெரிய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. நடுவில், இடுப்பு உயரத்தில், ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் கால்வாய். இந்த முனையில் நுழையும் தண்ணீர் அந்த முனையில் இறங்கி, அடியில் உள்ள குழாய் வழியாகத் திரும்பி வந்து மறுபடியும் நுழையும். சத்தமே கேட்காது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே சாயம் விட்டால்தான் தெரியும்.

ஓடுகிற தண்ணீர் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தரையைத் தொடுகிற தண்ணீர் தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதற்கு மேலே உள்ளது கொஞ்சம் நகரும், அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம். ஒரு விரற்கடை உயரம் போன பிறகுதான் முழு ஓட்டம். தரையை ஒட்டிய அந்த மந்தமான பகுதிக்குப் புத்தகத்தில் எல்லைப்படலம் என்று பெயர். சாயக்கா வைத்த பெயர் ஒட்டுத்தண்ணி.

தரைத் தகட்டில் உள்ள முடியளவு பிளவு வழியாக நீலச் சாயத்தைக் கசியவிட்டு ஒட்டுத்தண்ணிக்கு நிறம் கொடுப்பாள். நீலம் தரையோடு தரையாகப் போய், கடைசியில் உள்ள வடிகாலில் இறங்கிவிடும். மேலே உள்ள தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். பிறகு முன்பக்கம் உள்ளங்கை அகலத் துடுப்பு ஒன்று படக்கென்று ஒருமுறை திரும்பும். அதன் விளிம்பிலிருந்து சிவப்புச் சாயம் பூசிய சுழல் ஒன்று உருண்டு கிளம்பி, தரைக்கு மேலே நகர்ந்துகொண்டே போகும். அந்தச் சிவப்பு ஒரு சொட்டுதான், குழாயில் இறங்கியதும் கரைந்து காணாமல் போய்விடும். அப்படி ஒரு சுழல் தலைக்கு மேலே போகும்போது ஒட்டுத்தண்ணி என்ன செய்கிறது? அதைப் படம் பிடிப்பதுதான் அந்த அறைக்கு இட்ட வேலை.

கண்ணாடியில் ஒரு இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். சுழல் அதைத் தாண்டியதும் சாயக்கா பட்டனை அழுத்துவாள். கேமரா நிற்கும், கூடவே பெரிய விளக்கும் அணையும். விளக்கின் சூடு தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று துறைத்தலைவர் இரண்டையும் ஒரே பட்டனில் இணைக்கச் சொல்லியிருந்தார். பிறகு இருட்டில் தடவிப் போய்ச் சுவர் விளக்கைப் போட வேண்டும். போட்டுப் பார்த்தால் தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். நாலைந்து சுழல் ஓட்டினால் போதும், மேல் தண்ணீர் முழுக்க நீலம் பூத்துவிடும். அதன் பிறகு எடுக்கும் படமெல்லாம் கறை படிந்த படம்.

துறைத்தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பச்சை மை. நோட்டில் எழுதினாலும் கையெழுத்துப் போட்டாலும் பச்சை மைதான். கறையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "அழுக்கும்மா. சரியாக் கழுவல."

அவள் கழுவினாள். ஊசியைக் கழுவினாள், பிளவைக் கழுவினாள், வடிகாலுக்குள் கையை விட்டுத் தோள்பட்டை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். கால்வாயைக் காலி செய்து மறுபடி நிரப்ப மூன்று மணி நேரம், குமிழி அடங்க இன்னொரு மணி நேரம். பதிவு நோட்டில் 'தண்ணீர் மாற்றிய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் கையாலேயே இருநூற்றுப் பதினான்கு முறை 'அழுக்கு' என்று எழுதியிருந்தாள். சுழல் ஓட்டாத நாளில் தண்ணீர் கலங்குவதே இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அப்ப சுழல் ஓட்டற அன்னிக்கு அவசரத்துல கழுவறேன்னு அர்த்தம்" என்றார் பச்சை மை. அவள் மறுபடியும் வாளியை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவரே கீழே இறங்கி வந்தார். கையில் ஒரு தட்டச்சு செய்த காகிதம். குரலில் அப்படி ஒரு பரிவு.

"வியாழக்கிழமை மேலிடத்துக் குழு வருதும்மா. மூணு வருஷமா ஏன் வேலை முடியல, படமெல்லாம் ஏன் கறைன்னு கேட்டிருக்காங்க. நாம ஒரு காரணம் சொல்லியாகணுமில்ல? நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் சுலபமா முடிஞ்சுடும்."

'கடந்த மூன்று ஆண்டுகளாகப் பதிவான படங்களில் காணப்படும் கறைகள், கால்வாயைச் சரிவரச் சுத்தம் செய்யாத எனது கவனக்குறைவால் ஏற்பட்டவை என்று ஒப்புக்கொள்கிறேன்.' கீழே அவள் பெயர். பதிவேட்டுப் பெயர்.

"அப்புறம் உன்னை ஸ்டோர்ஸுக்கு மாத்திடறேன். தனி நாற்காலி, ஃபேன், வேலையும் கம்மி. உனக்கும் வயசாகுதில்ல" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் சாயக்கா.

"நாளைக்குள்ள போட்டுக் கொடு. நகல் என் கோப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறிப் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

அப்போதுதான் வந்தது.

ஸ்டோர்ஸ் என்றால் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து திருகாணி எண்ணுவது. அங்கே தண்ணீர் கிடையாது. நூலிழை மாதிரி அலுங்காமல் சாயம் விட இந்தக் கட்டிடத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருஷம் கழித்து 'கழுவத் தெரியாதவள்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

துடுப்புக்கு எண்ணெய் விட வந்த பிட்டர்தான் அகப்பட்டான். நாற்பது வயதில் தலை முழுக்க வழுக்கை, வாய் முழுக்கக் கிண்டல். பக்கத்துப் பட்டறையிலிருந்து அவன் வந்து போனால்தான் அந்த அறையில் மனுஷக் குரல் கேட்கும்.

"என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு? பச்சை மை வந்துட்டுப் போனாரா?"

"துடுப்பு ஓடுதா பார்க்கணும், தள்ளி நில்லு" என்று அவள் வாசலில் தொங்கும் கறுப்புத் திரையை இழுத்து மூடி, விளக்கையும் கேமராவையும் போட்டு, துடுப்பைத் தட்டிவிட்டாள். சுழல் கிளம்பியது. அவள் பிட்டர் பக்கம் திரும்பினாள். "அழுக்காம்டா! நான் கழுவலையாம்! வடிகாலுக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்காரா அந்த மனுஷன் ஒரு நாளாவது? என் நகத்துல பாரு, சோறு தின்னா நீலம், தலை வாரினா நீலம்..." பட்டன் மேல் இருக்க வேண்டிய வலது கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "இருநூத்திப் பதினாலு தடவை! எண்ணி வெச்சிருக்கேன்! இதுக்கு மேல கழுவினா கண்ணாடியே கரைஞ்சு போயிடும்!"

"அக்கா" என்றான் பிட்டர்.

"நீ குறுக்க பேசாத!"

"அக்கா, விளக்கு எரியுது. பட்டனை அழுத்தல நீ."

அவள் திரும்பினாள். சிவப்புச் சுழல் மஞ்சள் டேப்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அது போன பாதையில், ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், தரையோடு படுத்திருந்த நீலம் ஓரிடத்தில் தடித்துக்கொண்டு வந்தது. தடித்து, குவிந்து, திடீரென்று ஊசி மாதிரி நேராக மேலே எழும்பியது. விரல் உயரம், சாண் உயரம். உச்சியில் சுழலுக்கு எதிர்த்திசையில் சுருண்டது. அப்படியே மேல் ஓட்டத்தில் அகப்பட்டு, வடிகாலுக்கு மேலாகவே தாண்டிப் போய்க் குழாயில் இறங்கியது.

பிட்டர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தான்.

"இன்னொரு தடவை" என்றாள் சாயக்கா.

இன்னும் இரண்டு தடவை ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அதேதான். சுழல் மேலே இருக்கும்போது ஒட்டுத்தண்ணி தலையைக் குனிந்துகொண்டு சாதுவாகக் கிடந்தது. சுழல் டேப்பைத் தாண்டி, நிதானமாக ஐந்து எண்ணினால், அதற்குப் பின்னால் பீறிட்டுக் கிளம்பியது. கிளம்பிய நீலம் வடிகாலுக்கு அகப்படாமல் சுற்றி வந்து மேல் தண்ணீரைக் கலக்கியது. பதினொரு வருஷமாகக் கேமரா நிறுத்தப்பட்டதும், விளக்கு அணைக்கப்பட்டதும், அந்த ஐந்து எண்ணிக்கைக்கு முன்னால். அவள் தடவித் தடவிச் சுவர் விளக்கைப் போடுவதற்குள் எல்லாம் கரைந்து போய்விடும். மிச்சம் இருப்பது கலங்கல் மட்டும்.

"உன்னை மாதிரியேதான்கா இருக்கு" என்றான் பிட்டர். "ஆள் போனப்புறம்தான் கிளம்புது."

சாதாரண நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. இருநூற்றுப் பதினான்கு தடவை வாளியோடு குனிந்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். நின்றுகொண்டே, பையைக் கூட இறக்கி வைக்காமல் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். தையல்காரருக்கு ஒரு பழக்கம், எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

"அந்த டேப்பை அங்கதான் ஒட்டணும்னு யார் சொன்னது?" என்றார்.

"பச்சை மைதான், வேற யாரு?" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பச்சை மை அப்போது இத்தனை பெரிய ஆள் இல்லை. "சுழல் எந்த இடத்துல முடியுது, எங்க நிறுத்தலாம்?" என்று பொதுவாகக் கேட்டார். புது ஆள், கெட்டிக்காரி என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்பு. சட்டென்று விரலை வைத்தாள். "இங்க சார். இதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல." டேப்பை ஒட்டியதும் அவள்தான், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியதும் அவள்தான்.

"நான்தாங்க" என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பச்சை மையைத் திட்டக் கிளம்பின கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. படத்தைக் காட்டினால் அவர் முதல் பக்கத்தைக் காட்டுவார். கழுவத் தெரியாதவள் என்பது போய்ப் பார்க்கத் தெரியாதவள் என்றாகும். அதற்கும் ஸ்டோர்ஸ்தான்.

"கையெழுத்துப் போட்டுடவா?" என்றாள்.

"நீ செய்யாத தப்புக்கா?" என்றார் அவர். "செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கில்ல, அதுக்கு வேணா போடு." சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை முழுக்க அவள் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். முதல் பக்கம் அப்படியே இருந்தது. 'டேப்பிற்குப் பின் ஒன்றும் இல்லை.' கூடவே இன்னொன்றும் அகப்பட்டது, மூன்றாவது வருஷத்து நோட்டில். அவள் மறந்தே போயிருந்தாள். 'சுழல் போன பிறகும் விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்க்கலாமா?' என்று அவளே பென்சிலில் கேட்டு எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பச்சை மையில், 'தேவையில்லை. போன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?' கையெழுத்து, தேதி எல்லாம் சுத்தமாக. அன்று கூட இருந்த இரண்டு பேரைப் பார்த்து அவர் கண்ணடித்துச் சிரித்ததும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அவளும் கூடச் சிரித்திருந்தாள். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மாலையில் பச்சை மை எட்டிப் பார்த்து, "போட்டாச்சா?" என்றார்.

"நாளைக்குத் தரேன் சார்" என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் எதைப் பார்த்தாலும் தலையை ஆட்டினார்கள். மூன்றாமவர்தான் குழுத் தலைவி. நரைத்த முடியைக் கிராப்பாக வெட்டிய என்ஜினியர் அம்மா. வந்ததும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டார். பச்சை மை புதுச் சட்டையில் விளக்கிக்கொண்டே இருந்தார். பிட்டர் துடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மஞ்சள் டேப்பைத் தாண்டினதும் நிறுத்திடுவோம் மேடம். அதுவரைக்கும்தான் ஆய்வுக்குரிய பகுதி. இந்தக் கறையெல்லாம் பராமரிப்புக் குறை, அது சம்பந்தமா ஒரு எழுத்துமூலமான ஒப்புதல் வாங்கிட்டிருக்கோம்."

திரை மூடப்பட்டது. விளக்கு எரிந்தது. துடுப்பு திரும்பியது. சிவப்புச் சுழல் உருண்டு வந்து டேப்பைத் தாண்டியது.

"நிறுத்தும்மா" என்றார் பச்சை மை.

சாயக்கா பட்டனிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஒண்ணு" என்றாள்.

"ஏம்மா, நிறுத்து!"

"ரெண்டு." கண்ணாடியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. "மூணு."

"என்ன விளையாட்டு இது? மேடம், இவங்களுக்குக் கொஞ்சம்..."

"நாலு. அஞ்சு."

நீலம் எழும்பியது. அன்று போலவே தடித்து, குவிந்து, நேராக நிமிர்ந்து, சுருண்டது. தலையாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் தலையை ஆட்ட மறந்தார்கள். என்ஜினியர் அம்மா மூச்சு பட்டுப் பனித்த கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டாள். "இன்னும் ஒரு தடவை." போட்டாள். கடைசித் தடவை அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து எண்ணினார்.

"இதைத் தேடித்தான் எத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கறாங்க" என்று அவர் நிமிர்ந்தார். "இத்தனை வருஷமா ஏன் இதைப் பார்க்கல?"

பச்சை மை கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்தத் திறமையைச் சும்மா சொல்லக் கூடாது. "டேப் எங்க இருக்கணும்னு முடிவு பண்ணினது டெக்னீஷியன் மேடம். முதல் நோட்டுல அவங்க கையெழுத்துலயே இருக்கு."

"ஆமா, இருக்கு" என்றாள் சாயக்கா. நோட்டு ஏற்கனவே விரித்து வைத்திருந்தது. "நான்தான் எழுதினேன். ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினதும் என் விரல்தான். பதினொரு வருஷம் தப்பாப் பார்த்திருக்கேன், இப்பவே அதுக்குக் கீழ எழுதிக் கையெழுத்துப் போடறேன்." போட்டாள். அவர்கள் பார்க்கும்படியாக, பதிவேட்டுப் பெயரை முழுசாக எழுதிப் போட்டாள். பிறகு மூன்றாம் வருஷத்து நோட்டை அதன் மேல் விரித்து வைத்தாள். "இது சார் எழுதினது."

என்ஜினியர் அம்மா இரண்டு பக்கத்தையும் படித்தார். பச்சை எழுத்தை இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டார். "இனிமே விளக்கை அணைக்காதீங்க. ஆறு மாசத்துல திரும்பி வரேன், இந்தம்மாவே ஓட்டிக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

குழுவைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் பச்சை மை திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நடந்ததையெல்லாம் வாசலிலேயே உதறிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"கலக்கிட்ட போம்மா. நம்ம லேபுக்கே இது பெரிய கண்டுபிடிப்பு. நான் இன்னிக்கே எழுத உட்கார்ந்துடறேன்." மேசை மேலிருந்த கோப்பை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அந்த லெட்டர் சார்..."

"அதுவா? அது பாட்டுக்குக் கோப்புல கிடக்கட்டும். நீதான் கையெழுத்துப் போடலியே, யார் பார்க்கப் போறாங்க? மனசுல வெச்சுக்காத."

"சரிங்க சார்" என்றாள்.

பழக்கதோஷம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவர் போய்விட்டார். படியில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது. பிட்டர் அவள் முகத்தைப் பார்த்தான். வலது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினான். அப்புறம் இரண்டு. மூன்றாவது விரலை நீட்டும்போது அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது, அவள் அறையில் இல்லை.

"சார், நில்லுங்க!"

மாடிப்படித் திருப்பத்தில் அவர் நின்றார். அவள் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது. தனக்குக் கோபம் இருக்கும்போதே அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"அந்த லெட்டரை வெளிய எடுங்க."

"இப்ப எதுக்கும்மா கோபப்படற? எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சு போச்சே!"

"உங்களுக்கு முடிஞ்சு போச்சு சார். எனக்கு இப்பதான் ஆரம்பிக்குது."

அந்தக் குரல் மாடி வரை போனது. மேலே இரண்டு கதவுகள் திறந்தன. கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று சாயக்கா நிறுத்தவில்லை. "இருநூத்திப் பதினாலு தடவை காலி பண்ணி நிரப்பினேன். ஒவ்வொரு தடவையும் அழுக்குன்னு என் கையாலயே எழுத வெச்சீங்க. வெளக்கை எரிய விடலாமான்னு கேட்டப்ப என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. கூட நானும் சிரிச்சேன் பாருங்க, அதுக்கு என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும். யாரும் பார்க்கலைன்னா அந்தக் காகிதம் இல்லைன்னு ஆயிடுமா? நான் ரிட்டயர் ஆகிற அன்னிக்கும் அது உங்க கோப்புல கிடக்கும். கழுவத் தெரியாதவள்னு. எடுங்க சார்!"

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மேலேயும் ஆள், கீழே படிக்கட்டின் அடியில் பிட்டர். கோப்பைத் திறந்து காகிதத்தை எடுத்தார். "கிழிச்சுடறேன், போதுமா?"

"கிழிக்க வேணாம். அதுலயே எழுதுங்க. கறைக்குக் காரணம் அழுக்கு இல்லைன்னு எழுதுங்க. உங்க பேனாவுலயே எழுதுங்க."

கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து அவர் எழுதினார். இரண்டு வரி. காகிதத்தை நீட்டினார். அவள் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"தேதி போடுங்க சார்."

கீழே வந்தபோது பிட்டர் இன்னும் மூன்று விரலை மடக்காமல் நின்றிருந்தான். "அஞ்சு வரைக்கும் போகவே விடலியேக்கா" என்றான்.

அவள் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை; அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருவாள் என்பதும் ஞாபகம் வந்தது. கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை முதல் நோட்டின் முதல் பக்கத்தில் செருகி வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓட்டிய சுழல்களில் தண்ணீர் நீலம் பூத்திருந்தது. மறுபடியும் மாற்றத்தான் வேண்டும். வடிகால் வால்வைத் திறந்துவிட்டு, நோட்டில் இருநூற்றுப் பதினைந்தாவது வரியை எடுத்தாள். தேதி போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா ஒரு கணம் தானாக 'அ' போடப் போனது. அதை நிறுத்தினாள்.

'ஒட்டுத்தண்ணி மேலே வந்தது' என்று எழுதினாள்.